நெவெனாவின் இடது குதிகால்

தோற்றிருக்க வேண்டிய இடங்களில் நெவெனா ஜெயித்தவை இவை. மூன்று முறை மாவுக்கட்டு போட்டும் சரியாகாத இடுப்போடு ஒரு நடை. எட்டாம் வகுப்போடு நுழைந்த தையல் ஆலையில் ஜன்னலோரத்து இயந்திரம். சமையலறையே இல்லாத வீட்டில், பால்கனியைக் கண்ணாடி வைத்து அடைத்து ஒரு சமையலறை. வயிற்றில் தங்காமல் போன பிள்ளைகளுக்குப் பிறகு, முப்பத்தாறு வயதில் ஒரு பெண் குழந்தை. மாமியார் ஸ்லாத்காவின் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை "பரவாயில்லை" என்ற சொல், அதுவும் பூசணி அடைத்துச் சுட்ட பணியாரத்துக்கு. கடைசியாக, தான்யூப் ஆற்றங்கரை நகரமான ரூஸேயின் பெரிய தெருவில் அவளைப்போல உடுத்துகிறவள் இன்னொருத்தி இல்லை என்ற பேச்சு.

இந்தப் பட்டியலில் முதலாவது மட்டும் வெளியே தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே பேர்: லாரி ஓட்டிக்கொண்டு ஜெர்மனிக்கும் வீட்டுக்குமாக அலைகிற கணவன் பிளாமென், அப்புறம் அக்கா தோன்கா. நெவெனா கைக்குழந்தையாக இருந்தபோது இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கட்டோடு அவளை முதுகில் தூக்கித் திரிந்தவள் தோன்காதான். பிறகு கட்டுப் பிரிந்தது, நடையும் வந்தது; இடது கால் மட்டும் இரண்டு விரற்கடை குட்டையாகவே நின்றுவிட்டது.

நெவெனா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். இடது செருப்புக்குள் தோலை அடுக்கி ஒட்டிக் குதிகாலுக்கு ஒரு மேடு. வலது செருப்பின் குதியைக் கொஞ்சம் சீவிவிடுவாள். வீட்டில் போட்டுக்கொள்ளும் செருப்புக்குள்கூடப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தாள். பாவாடையின் விளிம்பை ஒரு பக்கம் ஏற்றி வெட்டுவாள். கையில் பிடித்துப் பார்த்தால் கோணலாக இருக்கும், உடுத்தினால் தரைக்குச் சமமாக நிற்கும். இவ்வளவுக்குப் பிறகும் இடுப்பில் ஒரு சிறு ஆட்டம் மிச்சம் இருந்தது. அந்த ஆட்டத்துக்குக் குடியிருப்பின் முற்றத்தில் கூடும் பெண்கள் வைத்த பெயர் திமிர்.

திமிர் என்றே இருக்கட்டும், நொண்டி என்பதைவிட அது மேல் என்பது நெவெனாவின் கணக்கு.

ஆலையில் நீண்ட பிள்ளைப்பேறு விடுப்பு. காலையில் குழந்தை கலினாவைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துக்கொண்டு அவள் இறங்கி வருவதைப் பார்க்க வேண்டும். தோன்கா வேலை செய்யும் பலகாரக் கடை முற்றத்து வாசலை ஒட்டியே இருந்ததால், தினமும் முதலில் பார்க்கிறவள் அவள்தான். பழைய துணிக் கடையில் சரக்கு வந்து நாளாக ஆக விலை இறங்கும். எல்லாரும் கிளறிப் போட்ட பிறகு, கடைசி நாளன்று போய் நெவெனா பொறுக்குவாள். மற்றவர்கள் சட்டையைப் பார்ப்பார்கள், அவள் தையலைப் பார்ப்பாள். யாரோ ஒரு வெளிநாட்டு ஆண்பிள்ளையின் மழைக்கோட்டு அவள் கையில் பட்டு, இடுப்பு பிடித்த திராட்சை நிறக் கோட்டாக மாறியது. உள்ளே பூப்போட்ட திரைச்சீலைத் துணி. கோட்டின் கையை வெட்டியதில் மிஞ்சிய துணியில் கலினாவுக்கு ஒரு தொப்பி. தாயும் மகளும் ஒரே நிறத்தில் தெருவில் போனால், தபால்காரர்கூடச் சைக்கிளை நிறுத்திவிடுவார்.

கடை வாசலில் அவர்களுக்கு ஒரு சடங்கு உண்டு. தோன்கா எண்ணெயிலிருந்து எடுத்த உப்பலான அப்பத்துக்குச் சர்க்கரைப் பொடி தூவிக் கொடுப்பாள். நெவெனா கோட்டின் மேல் கைக்குட்டையைச் செருகிக்கொண்டு, கழுத்தைக் கொக்குபோல் முன்னால் நீட்டித் தின்பாள். ஒரு பொட்டுச் சர்க்கரை மேலே விழாது. கலினா முகமெல்லாம் வெள்ளையாகிச் சிரிப்பாள்.

பெரிய தெருவில் கிழவிகள் வண்டிக்குள் குனிந்து, "தூ, தூ! என்ன அசிங்கமான பிள்ளை, யார் பெத்த குரங்கு இது?" என்பார்கள். கண்ணேறு படாமலிருக்கச் சொல்வது. நெவெனாவும் விடமாட்டாள்: "ஆமா பாட்டி, யாரும் எடுக்கல, தள்ளுபடியில கிடைச்சுது." அப்புறம் ஆற்றங்கரைப் பூங்கா. தான்யூப் ஆற்றில் படகுகள் போவதைப் பார்த்தபடி ஒரு குவளை சூடான பால், அதில் நனைத்த ரொட்டி. வீட்டுக்கு வந்து துவைப்பது, குழந்தை தூங்கும் நேரத்தில் தைப்பது.

ஆனால் கலினா நடக்கவில்லை. ஒன்றே முக்கால் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், "இடுப்பு ரெண்டு பக்கமும் நல்லா இருக்கு. நேரம் வந்தா நடப்பா" என்று சொல்லி அனுப்பினார். நெவெனா தலையாட்டிவிட்டு வந்து, இரவு குழந்தையின் இரண்டு குதிகால்களையும் சேர்த்துவைத்து, சமமா என்று பார்ப்பாள். தோன்காவும் அவளுக்குத் தெரியாமல் பார்ப்பாள். இரண்டு பேருக்கும் ஒரே பயம்; வாய்விட்டுச் சொன்னதில்லை.

அக்டோபர் தொடக்கத்தில் முற்றமே மிளகாய் வாசனையாக இருந்தது. குளிர்காலத்துக்குத் துவையல் காய்ச்சிப் புட்டியில் அடைக்கும் நாட்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, சுட்ட சிவப்புக் குடைமிளகாயின் தோலை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஊரிலிருந்து ஸ்லாத்காவும் வந்திருந்தாள். கீழ்வீட்டு பவ்லினா வாளியை இழுத்துப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"நெவெனா, அந்தப் பிள்ளையக் கொஞ்சம் இறக்கித்தான் விடேன். கைப்பை மாட்டுன மாதிரி மாட்டிக்கிட்டே திரியற."

"பைன்னா நிறம் பொருந்தணும் பவ்லினா. பொருந்துதா, பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்லாத்கா சிரிக்கவில்லை. "கோட்டு கசங்குமேன்னு குனிய மாட்டேங்கறா. குனிஞ்சு கையப் பிடிச்சு நடத்துனாத்தானே பிள்ள நடக்கும்? என் பிளாமென் பத்தாம் மாசத்துல ஓடுனான்."

"இப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இருக்காரு அத்தை, வீட்டுலயா இருக்காரு?"

"வாய் மட்டும் நல்லா நடக்குது உனக்கு."

நெவெனாவின் முகம் மிளகாயைவிடச் சிவந்தது. உரித்த தோலைத் தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "கலினா நடக்கறா. நீங்க பாக்கல, அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை புனித பெட்கா நாள், அன்னிக்கு அடியெடுப்பு ரொட்டி உருட்டப் போறோம். எல்லாரும் வாங்க."

மிளகாய்ச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்த தோன்காவுக்குக் கரண்டி நழுவியது.

பிள்ளை முதல் அடி வைத்தபிறகுதான் வட்ட ரொட்டி சுடுவார்கள். வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் ரொட்டியை உருட்டிவிட்டு, முனையில் பேனா, சாவி என்று பொருட்களைப் பரப்புவார்கள். பிள்ளை நடந்து போய் எதை எடுக்கிறதோ அதுவே அதன் பிழைப்பு. அடி வைப்பதற்கு முன் ஆள் கூப்பிடுவது, பிறக்காத பிள்ளைக்குத் தொட்டில் வாங்குவதைப் போல. அந்த ஊரில் யாரும் செய்யாத காரியம்.

மாடிப்படியில் தோன்கா தங்கையின் முழங்கையைப் பிடித்தாள். "ஏன்டி அப்படிச் சொன்ன? ஒரு அடி வெச்சிருக்காளா அவ?"

"வாய் முந்திக்கிச்சு அக்கா."

"அன்னிக்கு அவ உக்காந்துட்டா? இத்தன பேர் முன்னாடி? காலம் பூரா தடுக்கி விழுவான்னு சொல்லுவாங்கடி."

"தெரியும்." நெவெனா ஒரு படி ஏறி நின்றாள். "பொம்பளைங்க என்ன வேணா சொல்லட்டும். ஆனா என்கிட்ட இருந்து அவளுக்கு வந்துடுச்சுன்னு நானே சொல்லிக்க வேண்டி வந்துட்டா? அதுதான் அக்கா தாங்காது."

அந்த வாரம் முழுக்கப் பூங்கா, ஆற்றங்கரை, கோயில் முன்வெளி என்று தினமும் ஓர் இடம். கலினாவுக்கு இரண்டு அடுக்குக் கம்பளிக் காலுறை, அதற்கு மேல் பளபளக்கும் கறுப்புத் தோல் செருப்பு, கணுக்காலில் வார். அக்டோபர் காற்று காலில் பட்டால் நேராகச் சிறுநீரகத்துக்கு ஏறும் என்பது ஊரறிந்த விஷயம். இறக்கிவிட்டால் குழந்தை நிற்கும், அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொள்ளும், விட்டால் பொத்தென்று உட்காரும்.

வெள்ளிக்கிழமை நெவெனா கடைக்கு வந்து அப்பம் வேண்டாம் என்றாள். "அக்கா, குளிக்க வெக்கும்போது தொட்டியப் பிடிச்சுக்கிட்டு ஓரமாவே போறா. துணி மாட்டுனதும் மரக்கட்ட மாதிரி ஆயிடறா."

"அதுக்காக வெறுங்காலோட விடுவியா? தரை பனிக்கட்டி மாதிரி இருக்கு."

"அதான் நானும் நினைச்சேன்" என்றாள் நெவெனா. ஆனால் அவள் வேறு ஏதோ நினைப்பது தோன்காவுக்குத் தெரிந்தது.

ஞாயிறன்று தோன்கா விடியும் முன்பே எழுந்து ரொட்டி பிசைந்தாள். சடங்கு ரொட்டியில் விரிசல் விழக் கூடாது, விழவில்லை. நெவெனா தானே தைத்த கடுகுநிறப் பாவாடையும் உயர்ந்த குதிகாலுமாகக் கதவைத் திறந்தாள். கூடத்தில் உட்கார இடமில்லை. துணியின் முனையிலிருந்த சின்ன மேசையில் பவ்லினா காரின் சாவியை வைத்தாள், தோன்கா தன் குழவிக்கட்டையை. ஸ்லாத்கா யாரிடமோ கேட்டு வாங்கிய, மருத்துவர் காதில் மாட்டும் குழாயை நடுவில் வைத்தாள். நெவெனா வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்து அலமாரியில் போட்டாள்.

"தையல் உன்னோட போகட்டும். நம்ம பிள்ளையாவது மரியாதையா உக்காந்து வேலை செய்யட்டும்."

ரொட்டி உருண்டது. கலினா துணியின் மறுமுனையில் நின்றாள். கறுப்புச் செருப்பு மினுங்கியது. எல்லாரும் கைதட்டிக் கூப்பிட்டார்கள். அவள் உட்கார்ந்தாள். தூக்கி நிறுத்தினார்கள். மறுபடியும் உட்கார்ந்தாள். கைதட்டல் குறைந்தது. யாரோ இருமினார்கள். "கோட்டு கசங்கக் கூடாதுல்ல" என்ற பவ்லினாவின் முணுமுணுப்பு தோன்காவின் காதில் விழுந்தது.

நெவெனா போய்க் குனிந்தாள். கலினாவின் செருப்பு வாரை அவிழ்த்தாள். காலுறை ஒன்று, அடியில் இன்னொன்று.

"என்ன பண்றே? பிள்ளைக்குக் குளிர் ஏறிடும்!" ஸ்லாத்கா பாதி எழுந்துவிட்டாள். "ஜன்னல மூடுங்க யாராவது!"

ஜன்னல் ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. வெறுங்காலோடு கலினா துணியில் நின்றாள். கால் விரல்களை விரித்துப் பார்த்தாள். அப்புறம் அம்மாவை அண்ணாந்து பார்த்தாள், அவளும் எதையோ செய்ய வேண்டும் என்பதைப்போல. நெவெனா தன் வலது செருப்பைக் கழற்றினாள்.

"வேண்டாம்டி" என்றாள் தோன்கா, உதடு அசையாமல்.

இடது செருப்பையும் கழற்றி, இரண்டையும் மேசைப் பக்கம் தள்ளிவிட்டாள். சமமாக நின்ற பாவாடை ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கியது. துணியின் ஓரமாக மெல்ல நடந்தாள். ஒவ்வோர் இடது அடிக்கும் தோள் தாழ்ந்து எழுந்தது. கலினாவுக்கு அது விளையாட்டாகப் பட்டிருக்க வேண்டும். கெக்கெக்கென்று சிரித்தாள். அம்மாவைப் போலவே தோளைச் சாய்த்துச் சாய்த்து ஓர் அடி வைத்தாள். இன்னொன்று. சாய்ப்பதை மறந்துவிட்டு நேராக, மளமளவென்று, மேசை வரை போனாள்.

சாவியைப் பார்க்கவில்லை. மருத்துவரின் குழாயைத் தள்ளிவிட்டாள். கீழே கிடந்த அம்மாவின் இடது செருப்பை இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து தோல் மேடு கழன்று தரையில் விழுந்தது.

ஸ்லாத்கா குனிந்து அதை உற்றுப் பார்த்தாள். தோன்கா ரொட்டியை உடைக்கலாமா, கூடாதா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் மாமியார் எழுந்து, தன் பைக்குள் கையை விட்டு, பின்னல் காலணி இரண்டு சோடி எடுத்தாள். ஒன்று சின்னது. மற்றது தனக்கென்றே பின்னிக்கொண்டது.

"பிள்ளைக்குப் போடு. நீயும் போட்டுக்க. வெறுங்கால்ல நிக்காத." இரண்டு சோடியையும் நெவெனாவின் கையில் திணித்தாள். "நீ திமிரா நடக்கறேன்னு ஊர் பூரா சொல்லிட்டு வந்திருக்கேன். சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"சொல்லியிருந்தா கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டிருப்பீங்களா அத்தை?"

ஸ்லாத்கா யோசித்தாள். "மாட்டேன்" என்றாள். "அதுவும் சரிதான்."

அதன் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கலினா செருப்புக் கடை வைப்பாள் என்றார்கள், நாட்டியக்காரியாவாள் என்றார்கள். ரொட்டியைத் தேனில் தோய்த்து ஓடி ஓடித் தின்றார்கள். அப்போதுதான் பிள்ளை வேகமாக ஓடுமாம். பவ்லினா மட்டும் தின்னவில்லை. கீழே கிடந்த தோல் மேட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் மகள் இவெலினா மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஒரு கால் குட்டையாகிப்போனவள். பள்ளி முடிக்கும் வருடம்; பள்ளி முடிப்பவர்களுக்கு மே மாதம் நடக்கும் நடன விருந்துக்குப் போகமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் போன பிறகு பவ்லினா கதவருகே நின்றாள். "அந்தப் பாவாடை எப்படி அவ்வளவு நேரா நிக்குது?"

"கோணலா வெட்டுனாத்தான் நேரா நிக்கும்" என்றாள் நெவெனா. "அவள அனுப்பி வை. தனியா அனுப்பு. நீ வந்தா நீதான் பேசுவ."

குளிர்காலம் முழுக்க இவெலினா மாடிக்கு வந்தாள். முதலில் கதவோரத்திலேயே நின்றாள், பிறகு துணியைத் தானே தேர்ந்தெடுத்தாள், பிறகு கலினாவைத் துரத்திக்கொண்டு கூடம் முழுக்க ஓடினாள். நெவெனா கடற்பச்சை நிறத்தில் கணுக்கால் வரை ஓர் உடை வெட்டினாள். செருப்புக்கு மேடு ஒட்டுவதையும் அவளுக்கே கற்றுக்கொடுத்தாள். தைக்கும்போது ஸ்லாத்கா ஊரிலிருந்து வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். கத்தரிக்கோலை அவளே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

விருந்து நாள் மாலை முற்றம் நிறைந்துவிட்டது. பூக்கட்டிய கார் ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது, பள்ளி முடித்த பிள்ளைகள் வழக்கம்போலத் தாங்கள் கடந்த வகுப்புகளை ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணிக் கத்திக்கொண்டிருந்தார்கள். மேலே, இவெலினாவின் உடையைக் கடைசியாக அழுத்தித் தேய்த்த பிறகு நெவெனா அக்காவைக் கூப்பிட்டாள். ஆலையில் இத்தனை வருடம் அவள் தைத்த சட்டைகளின் கழுத்தில் எல்லாம் வேறு யார் யாருடைய பெயர்களோ. இன்று ஊசியில் சிவப்பு நூல் கோத்திருந்தாள். தோன்கா விளக்கைக் கிட்டே பிடித்தாள். அந்த உடையின் உள்விளிம்பில், கோணலாக வெட்டிய அந்தப் பக்கத்தில், நெவெனா தன் பெயரை எழுத்து எழுத்தாகத் தைத்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அன்று நாடு தன் எழுத்துகளைக் கொண்டாடும் திருநாள், 2019 மே 24.