அவர் கடை வால்வு அவர் லாரிக்கு ஆகாதாம்

போன வருஷம் தேவகி அக்காவின் மீன் லாரிக்கு இன்ஜின் வேலை பார்த்தேன். செங்கல்பட்டு ஸ்பேர்ஸ் கடைக்காரர் ஒருவர் 'ஒரிஜினல்' என்று சத்தியம் பண்ணிக் கொடுத்த வால்வு செட்டைத்தான் மாட்டினேன்.

இருபதாவது நாள் வால்வு ஒடிந்து பிஸ்டனை உடைத்தது. திருக்கழுக்குன்றம் தாண்டி நடுரோட்டில் வண்டி நின்று, மீன் மொத்தமும் அழுகிப்போனது.

கேட்கப் போனால், "சரக்கு நல்ல சரக்கு. மெக்கானிக் கைதான் சரியில்ல" என்று ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்.

அந்த ஒடிந்த வால்வை ஷெட் வாசலில் கட்டித் தொங்கவிட்டேன்.

இன்று காலை அதே மனிதர் தன்னுடைய பழைய லாரியை என்னிடமே கொண்டுவந்தார். சரியில்லாத இதே கைக்கு!

சிரித்த முகத்தோடு இன்ஜின் ஹெட்டைக் கழற்றினேன்.

"வால்வு எல்லாம் தேஞ்சு போச்சு அண்ணாத்த. உன் கடையிலேர்ந்தே ஒரு செட்டு அனுப்பு, மாட்டிடறேன்."

குரலைத் தாழ்த்தினார். "அது வாணாம்பா. இது நம்ம வண்டியாச்சே. கம்பெனி டீலர்கிட்டயே வாங்கிடு."

"இன்னா அண்ணாத்த? காதுல விழல, சத்தமா சொல்லு."

சத்தமாகவே சொன்னார். அவருக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்த தேவகி அக்கா எழுந்தார். வாசலில் தொங்கிய வால்வை அவிழ்த்து கடைக்காரர் கையில் வைத்தார்.

"இந்தா நைனா, இத மாட்டிக்கோ. ஒரிஜினல்."

மனிதர் பஸ் ஏறிப் போய்விட்டார். ஹெட் கழற்றிய லாரி என் ஷெட்டில்தான் நிற்கிறது, எங்கேயும் ஓடாது.

அவர் கடையில் வால்வு வாங்கி ஏமாந்தவர்கள் கீழே கமென்டில் கையைத் தூக்குங்கள். உங்கள் வண்டி வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் அந்த ஹெட் ஏறும்.