குடும்பத்தோடு ஒரு சுற்று

பல்செட்காரருக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. பல் மருத்துவமனையின் பின்னறையில், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, முப்பது வருஷமாக ஊரார் வாய்க்குப் பல் செய்து கொடுக்கிறவர் அவர். ஒரு கடைவாய்ப் பல்லை அரை நாள் தேய்ப்பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் தேய்ப்பார். டாக்டர் கதவைத் திறந்து, அந்தப் பெரியவர் பல் இல்லாமல் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைவுபடுத்தினால், இன்னும் ரெண்டு நாள் குடிக்கட்டும் என்பார். இப்படிப்பட்ட மனிதர் கையில் புதுப்பிக்க ஒரு பழைய கார் கிடைத்தால் என்ன ஆகும்? நாலு வருஷம் ஆகும்.

அது ராஜா மகாராஜா ஏறிய கார் இல்லை. ஒரு காலத்தில் தெருவுக்கு நாலு நின்ற கார்தான். குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் வாங்கிய கார். பின் சீட்டில் பிள்ளைகள் சண்டை போட்டு, தூங்கி, வாந்தி எடுத்து வளர்ந்த கார். நிறம் ஒரு மங்கின பழுப்பு. அந்த நிறத்தை யாரும் ஆசைப்பட்டு வாங்கியிருக்க மாட்டார்கள், கடையில் அதுதான் மிச்சம் இருந்திருக்கும். ஊர் முழுக்க ஓடிய காரை எவன் பத்திரப்படுத்துவான்? ஓட்டினார்கள், இடித்தார்கள், பழைய இரும்புக்குப் போட்டார்கள். கடைசியில் பார்த்தால், நாடு முழுக்கச் சலித்தாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றாகிவிட்டது.

இந்த மாதிரிக் கார்களுக்கென்றே வருஷத்துக்கு ஒரு முறை, ஊருக்கு வெளியே ஒரு பெரிய புல்வெளியில் கண்காட்சி நடக்கும். பந்தயக் கார், பணக்காரக் கார் எதற்கும் அங்கே இடம் கிடையாது. முதல் பரிசு உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு. ‘மிகச் சாதாரணமான கார்’ என்று அதில் பொறித்திருக்கும். பல்செட்காரருக்கு அந்தத் தகடு வேண்டும். அதை டாஷ்போர்டில் எந்த இடத்தில் பதிப்பது என்று போன வருஷமே அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, பென்சில் கறை பட்டுவிட்டதே என்று ஒரு வாரம் துடைத்தவர்.

வீட்டில் இருப்பது மூன்று பேர். மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு சந்து மாதிரி இருக்கிற கடைத்தெருவில் ஓரம் உரசாமல் திருப்புவாள். ஆனால் சொந்த வீட்டுக் கொட்டகையில் நிற்கிற காரின் கதவைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை. கைரேகை படியுமாம். தரையில் காரைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தார். கோட்டுக்கு வெளியே நின்றுதான் சாப்பிடக் கூப்பிட வேண்டும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள், வீட்டுக்கு மூத்த பிள்ளை அந்தக் கார்தான், நான் இளையவள் என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். பக்கத்துத் தெருவில் இருக்கிற மச்சானைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மனைவிக்கு அண்ணன், ரொட்டிக்கடைக்காரர். அவர் சரக்கின் தரத்துக்கு அவர் உடம்பே சாட்சி.

கண்காட்சி அன்று பல்செட்காரர் காரை ஓட்டிக்கொண்டு போகவில்லை. முந்தின நாள் மழை, வழியெல்லாம் சேறு. லாரி முதுகில் ஏற்றி, போர்வை போர்த்தி, நோயாளியைக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோனார். குடும்பம் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தது. மனைவிக்கு வாரத்தில் ஒரே நாள் விடுமுறை. அன்றைக்கும் பஸ்ஸா என்று முணுமுணுத்தாலும், அவர் ஜெயிப்பதைப் பார்க்க வேண்டும் என்று வந்துவிட்டாள்.

புல்வெளி களைகட்டியிருந்தது. பச்சை, மஞ்சள், மூத்திர நிறம் என்று விதவிதமான கார்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் கூரையில் மடக்குக் கட்டிலைக் கட்டியிருந்தார்கள். ஒன்றின் பின் ஜன்னலில் வெயிலில் வெளுத்த ஒரு துணி நாய் தலையாட்டிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். எங்க வீட்டுல இதே கார் இருந்துச்சு, எங்க மாமா இதைத்தான் கிணத்துல விட்டாரு, காது குத்துறப்ப நான் கத்துன மாதிரி கத்துமே இந்த ஹாரன். பல்செட்காரரின் காருக்கு முன்னால் வந்தால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் போட்டி விதிகள் அச்சடித்த தாளைத் திருப்பிப் பார்த்தபோதுதான் பின்பக்கமும் அச்சு இருப்பது தெரிந்தது. இவை குடும்பக் கார்கள் என்பதால், மூன்று மணிக்கு ஒவ்வொரு காரும் வீட்டு ஆட்கள் மூன்று பேரையாவது ஏற்றிக்கொண்டு புல்வெளியை ஒரு சுற்று வர வேண்டும். வராத காருக்குப் பரிசு கிடையாது. பல்செட்காரர் தலையைத் தூக்கி டீக்கடைக் கூடாரத்தைப் பார்த்தார். மச்சான் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தார். காரின் சீட்டு ஸ்பிரிங் ஒவ்வொன்றும் பல்செட்காரர் தன் கையால் வளைத்துச் செய்தது. மகளுக்குக் காலை ஆட்டாமல் உட்காரத் தெரியாது. மனைவியோ சீட்டில் உட்கார்ந்த மறு நிமிஷம் கண்ணாடியைத் திருப்புவாள்; அது தொழில் பழக்கம்.

அப்போதுதான் அவர் புத்தி அந்தக் கோணல் வழியில் போனது. அடுத்த காருக்குச் சொந்தக்காரர் ஒரு தபால்காரர். அவர், அவர் மனைவி, மாமியார், கொழுந்தி எல்லாருமே ஈர்க்குச்சி உடம்பு. பல்செட்காரர் தயங்கித் தயங்கிப் போய், உங்க ஆளுங்களைப் பத்து நிமிஷம் எனக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். தபால்காரர் நல்ல மனிதர். வேண்டுமானால் என்னையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வேண்டாம், மூன்று பெண்களே போதும், எடையும் சரியாக இருக்கிறது என்று இவர் சொல்லிவிட்டார்.

பெண்கள் மூவரும் பிளாஸ்டிக் உறை போட்ட பின் சீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நடுவர் வந்தார். மழிக்க மறந்த தாடியும் மடித்துவிட்ட சட்டையுமாக ஒரு பெரியவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவராம். காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்குள் குனிந்து, இந்தக் கார்ல எங்கெல்லாம் போயிருக்கீங்க என்று சாதாரணமாகத்தான் கேட்டார். தபால்காரரின் மாமியாருக்குப் பொய் வராது. நாங்க இப்பத்தான் ஏறினோம், சார் கூப்பிட்டாரு என்றார்.

பல்செட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. நடுவர் நிமிர்ந்தார்.

"குடும்பக் கார்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களே. எந்தக் குடும்பம்?"

பல்செட்காரர் கையை நீட்டிக் காட்டினார். எட்டடி தள்ளி, கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் மனைவியும் மகளும் மச்சானும் நின்றுகொண்டிருந்தார்கள். கயிற்றை ஒட்டிக்கூட நிற்கவில்லை; நாலு வருஷப் பழக்கம், தானாகவே தள்ளி நின்றார்கள். நடந்தது எல்லாம் அவர்கள் காதில் விழுந்திருந்தது. மகள் தரையைப் பார்த்தாள். மச்சான் மட்டும், என்ன செய்வது என்று தெரியாமல், கேக் பிடித்த கையை லேசாக ஆட்டினார்.

நடுவர் கோபப்படவில்லை. தாளில் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, வேலை ரொம்ப சுத்தம், ஆனா இதுல யாரும் வாழ்ந்த மாதிரி தெரியலையே என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போனார். தபால்காரர் வீட்டுப் பெண்கள் உறை கசங்காமல் இறங்கிக்கொண்டார்கள்.

பல்செட்காரருக்கு அந்த வார்த்தை பளீரென்று கன்னத்தில் விழுந்தது. அது அவருடைய வார்த்தை. பல் எல்லாம் ஒரே வெள்ளையாக, ஒரே வரிசையாக வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம் அவர் தலைபாடாக அடித்துக்கொள்வார். அப்படிச் செய்தால் தெருமுனையிலேயே பொய்ப்பல் என்று தெரிந்துவிடும். ஒரு பல்லைத் துளி திருப்பி வைக்க வேண்டும், ஒன்றில் லேசாக டீக்கறை ஏற்ற வேண்டும், பார்த்தால் அந்த வாயிலேயே வாழ்ந்த பல் மாதிரி இருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் இதைச் சொன்ன ஆள், வீட்டில் நாலு வருஷம் உட்கார்ந்து ஆள் உயரத்துக்கு ஒரு பொய்ப்பல்லைச் செய்து வைத்திருக்கிறார். தகடு போனது பெரிதாகத் தெரியவில்லை. எடை பார்த்து இரவல் ஆள் பிடித்தோமே என்பதுதான் அவமானமாக இருந்தது.

சீட்டு உறையைப் பிடித்து இழுத்தார். அது சுலபத்தில் வரவில்லை, அதையும் அவர்தான் ஒழுங்காகத் தைத்திருந்தார். பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். கிழித்துச் சுருட்டிப் புல்லில் எறிந்துவிட்டுக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.

"வாங்க. ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

"போட்டிதான் முடிஞ்சுபோச்சே" என்றாள் மகள்.

"முடிஞ்சா முடியட்டும். வாம்மா."

"மாப்பிள்ளை, நான் ஏறினா உங்க ஸ்பிரிங்கு தாங்காது" என்றார் மச்சான். அவர் குரலில் கேலி இல்லை, உண்மையாகவே கவலைப்பட்டார்.

"தாங்கலேன்னா வேற செய்யறேன் மச்சான். எனக்கு வேற என்ன வேலை."

மச்சான் ஏறினார். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாலு வருஷத்தில் முதல் தடவையாக முனகியது. மகள் ஏறினாள், ஏறினதும் ஜன்னல் கண்ணாடியை இறக்கி ஏற்றிப் பார்த்தாள். பல்செட்காரர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மனைவியிடம் நீட்டினார். அவள் சாவியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு ஓட்டுகிற பக்கம் சுற்றிப் போனாள்.

கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். பிறகு செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சேறு அப்பியிருந்த செருப்பைப் புல்லில் தட்டி, இரண்டையும் இடது கையில் பிடித்துக்கொண்டு, காலையும் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, கோயில் படி ஏறுகிறவள் மாதிரி ஒரு காலைத் தூக்கினாள். யாரும் அவளைக் கழற்றச் சொல்லவில்லை. அவர் எதிர்ப்பக்கம் நின்று கூரைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் சுருக்கென்றது. 

"செருப்பைப் போட்டுக்கிட்டே ஏறு" என்றார்.

"ஒரே சேறுங்க."

"பரவாயில்லை. போட்டுக்கோ."

அவள் செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்; சேறு விரிப்பில் அப்பியது. சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். அவரும் தன் சேற்றுக் காலோடு பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார்.