தேங்காய்க்குக் குறையே இல்லாத வீடு

மஹய்யாவ சந்தில் குடியிருக்கும் சிந்துஜாவுக்கு வாய்த்துடுக்கு அதிகம் என்று ஊரே சொல்லும். கண்டி நகரத்துக் கடையொன்றில் நாளெல்லாம் போட்டோகொப்பி அடிக்கிறவள். கடையில் ஆள் குறைந்தால் போதும், போனைத் திறந்து பொருளாதாரச் செய்திகளுக்குக் கீழே புகுந்துவிடுவாள். பணவீக்கம் இறங்கியது என்று போட்டிருந்தால், "எங்க சந்துக்கு வர பஸ் கெடைக்கலயாக்கும்" என்று எழுதுவாள். நாலு பேர் சிரித்தால் அன்றைக்கு அவளைப் பிடிக்க முடியாது.

அன்று ஒரு செய்திப் பக்கத்தில் தேங்காய் விலை இறங்கிவிட்டதாகப் போட்டிருந்தார்கள். காலையில்தான் அரைமூடியை வைத்துக்கொண்டு மூன்று கறியை ஒப்பேற்றியிருந்தாள். விரல் சும்மா இருக்குமா? "ரொம்ப நன்றிங்க! இப்ப எங்க வீட்ல தேங்காய்க்குக் கொறையே இல்ல. குளிக்கிறதே தேங்காய்ப் பால்லதான்" என்று தட்டிவிட்டாள்.

பக்கத்தை நடத்தியவர் கடைசி வரியை வெட்டிவிட்டு, மீதியை அவள் படத்தோடு பெரிதாகப் போட்டார். தலைப்பு: "மகிழ்ச்சியில் கண்டிப் பெண்!"

இது தெரியாமல் மாலையில் வீட்டுப் படியேறியவளை, பக்கத்து வீட்டு வேலாயி வெறும் பையோடு மறித்தாள்.

"ஏன்டி, அம்புட்டுத் தேங்காய எங்கடி வாங்குற? எங்களுக்கும் சொன்னா கொறஞ்சா போயிருவ?"

சிந்துஜா போனைத் திறந்து பார்த்தாள். நூற்றுக்கணக்கானோர் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். தெல்தோட்டையிலிருந்து ராஜலிங்கம் என்பவர், "இந்தம்மா வீட்டுக் கூரையே தேங்காய்தானாம். மழை பேஞ்சா பால் ஒழுகுதாம்" என்று எழுதியிருந்தார்.

"பேசாம எல்லாத்தையும் அழிச்சிடு. வம்பு வேணாம்" என்றான் அவள் கணவன் தினுஷன்.

அவளோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "அழிக்கவா? எம்புட்டு நல்லா எழுதியிருக்காரு, பாருங்களேன்!"

அடுப்பை அவனிடம் விட்டுவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ராஜலிங்கத்துக்குத்தான் முதல் பதில். "ஒழுகுற எடத்துல சட்டி வச்சிருக்கேன் அண்ணே. சொதி வைக்கக் கொஞ்சம் புடிச்சிட்டுப் போங்க." கூடவே, வெட்டப்பட்ட வரியையும் சேர்த்துத் தன் முழுக் கருத்தையும் போட்டாள்.

"அடக் கடவுளே, நீங்க நம்ம ஆளா!" என்று ராஜலிங்கம் துள்ளினார். அவ்வளவுதான், காற்று திசை மாறியது. அவளை ஏசியவர்களெல்லாம் செய்திப் பக்கத்தை நடத்தியவர் மேல் பாய்ந்தார்கள். ஒருவர் குளிக்க வாளி கொண்டுவரலாமா என்று கேட்டார். இன்னொருவர் சோப்புக்குப் பதில் கறிவேப்பிலை போடச் சொன்னார். சிந்துஜா ஒவ்வொன்றையும் சத்தமாக வாசிக்க, வேலாயி வாசற்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சோறு வேகுமுன் செய்திப் பக்கத்தை நடத்தியவர் இறங்கி வந்தார். "கருத்தைத் தவறாகப் புரிந்துகொண்டோம். வருந்துகிறோம்."

சிந்துஜா உடனே பதில் தட்டினாள்.

"பரவால்லங்க. வெல எறங்குனதையும் அப்படித்தானே புரிஞ்சுக்கிட்டீங்க!"

அந்த ஒரு வரி கண்டியைத் தாண்டி எங்கெங்கோ போனது. அடுத்த வாரம் மின்கட்டணச் செய்தி வந்தபோது, கட்டணம் எவ்வளவு என்றுகூட யாரும் கேட்கவில்லை. ராஜலிங்கம்தான் முதலில் எழுதினார்: "சிந்துஜா தங்கச்சி வரட்டும். அதுக்குப் பெறகு வாசிப்போம்."