கூடுதலாக இரண்டு ராடு

சூடானிலிருந்து திரும்பிய பிறகு எல்லோரையும் மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஒருத்தனை மன்னிக்கவில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் வேலைக்கென்று திருச்செங்கோட்டிலிருந்து எங்கள் எட்டுப் பேரை அங்கே கூட்டிப்போன மேனேஜர் அவன்.

சண்டை மூண்ட மூன்றாம் நாள், டீசல் வாங்கி வருவதாகச் சொல்லி, இருந்த ஒரே வண்டியை எடுத்தான். எங்கள் பாஸ்போர்ட் எல்லாம் அவன் பையில். சந்தேகம் தட்டி, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினோம். கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினான். நாங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் எங்களில் ராசிபுரத்துக்காரர் ஒருவர் குண்டடி பட்டுச் செத்துப்போனார்.

ஊருக்கு வந்தும் என் கை நடுக்கம் நிற்கவில்லை. துளை போடும் ரிக் வண்டியின் சுத்தியல் குண்டு வெடிப்பதுபோலப் பாறையில் இறங்கும் சத்தம் கேட்டாலே லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். எனக்குத் தெரிந்த தொழிலோ அது ஒன்றுதான். இரண்டு வருஷம் சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்கினேன். சேலத்து டாக்டர் மாத்திரை கொடுத்து, அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் நிற்கச் சொன்னார். நின்றேன். மூன்றாம் வருஷம் மறுபடி ரிக் லீவரைப் பிடித்தேன். அப்போதும் கை நடுங்கியது.

போன சித்திரையில் புதுச்சத்திரம் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தித் தட்டை நீட்டிய நிலத்துக்காரரை நிமிர்ந்து பார்த்தேன். அவனேதான். என்னைக் கண்டதும் அவன் முகம் வெளுத்துப்போனது. திருநீறு பூசிக்கொண்டு மிஷினை ஓட்டினேன்.

சுத்தியல் பாறையைத் தொட்டதுமே அவன் வேப்பமரத்தடியில் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டான். அவனுக்கும் அதே வியாதி! எனக்குப் பாவமாக இருக்கவில்லை. உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

அறுநூறு அடியில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. தண்ணீர் கண்ட பிறகும், அது தேங்கி நிற்பதற்காக துளைக்கும் இரும்புக் குழாயான ராடு ஒன்றிரண்டைக் கூடுதலாக இறக்குவது தொழில் வழக்கம். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஒரு ராடை மாட்டி இறக்கினேன்.

அவன் தள்ளாடியபடி வந்து கும்பிட்டான். "சாமி, அதான் தண்ணி வந்துருச்சில்லீங்க. நிறுத்துங்க."

"அன்னைக்கு நாங்களும் அதத்தானுங்க சொன்னோம்."

விஷயம் தெரியாத அவன் மனைவி, "இன்னுங் கொஞ்சம் போகட்டுமுங்க, தண்ணி தேங்கி நிக்கோணுமில்ல" என்றார். "ஆமாங்க" என்று சொல்லி இரண்டாவது ராடை மாட்டினேன். அது முழுசாக இறங்கும்வரை அவன் சேற்றில் உட்கார்ந்து அழுதான். நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஷினை நிறுத்திய பிறகுதான் கவனித்தேன். லீவரில் இருந்த என் கை நடுங்கவில்லை. அன்றிலிருந்து நடுங்குவதே இல்லை.

எப்படிச் சரியானது என்று டாக்டர் கேட்டார். உங்கள் மாத்திரைதான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.