ஓரங்குலம் பெரிய தொட்டி

என் தங்கையைத் தெருவில் எல்லோரும் மோட்டாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் மோட்டார் எந்த வீட்டில் மக்கர் செய்தாலும் முதல் போன் அவளுக்குத்தான் வரும். பதினோரு வயதில் எங்கள் வீட்டு மோட்டாரைப் பிரித்துப் போட்டாள். அம்மா முதுகில் இரண்டு வைத்தாள். மறுநாள் அது முன்னைவிட நன்றாக ஓடியது. இன்று அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "மோட்டார் சத்தமே காதுக்குப் போதும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

நான் அவளுக்கு ஏழு வயது மூத்தவன். எட்டாம் வகுப்போடு தையல் மிஷினில் உட்கார்ந்தவன். எழுத்து மட்டும் குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் வரும். அதனால் வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். அந்தப் பெருமைதான் பிறகு காலை வாரிவிட்டது.

நாங்கள் குடியிருப்பது நான்கு மாடிக் கட்டடத்தில், மூன்றாவது மாடியில். நான், என் மனைவி, தங்கை. போன வருடம் தங்கை மொட்டை மாடியில் மீனையும் செடியையும் ஒன்றாக வளர்க்கப் போவதாகச் சொன்னாள். கீழே மீன் தொட்டி. அதற்கு மேல் சரளைக்கல் நிரப்பிய தட்டுகளில் செடிகள். ஒரு சின்ன மோட்டார் தொட்டித் தண்ணீரை மேலே ஏற்றும். மீனின் கழிவைக் கல்லில் வாழும் நுண்ணுயிர்கள் உரமாக்கும், செடிகள் அதை எடுத்துக்கொள்ளும், தெளிந்த தண்ணீர் மீனுக்கே திரும்பி வரும். மண் வேண்டாம், தினமும் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

"எதுக்குடி இந்த வேலை?" என்றேன்.

"முப்பது வருஷமா ஊரார் வாங்கிவச்சதையே சரி பண்றேன் அண்ணா. நானே செஞ்சதுன்னு ஒண்ணு ஓடணும். அவ்வளவுதான்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை.

கட்டடச் சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மாடி ஒழுகும், கொசு வரும், நாறும் என்று மூன்று காரணங்களை விரல் விட்டு எண்ணினார். கடைசியில் மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் முறையான அனுமதிப் பத்திரத்தோடு மீன் நீந்த வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்தன்றே தொட்டியைப் பிரித்துவிட வேண்டும்.

மரப்பலகையில் சட்டம் அடித்து, மூலைக்கு ஒரு கால் நிறுத்தி, எல்லாவற்றையும் போல்ட் போட்டு முடுக்கினாள் தங்கை. உள்ளே விரிக்கும் கறுப்பு ரப்பர் விரிப்பு என் பொறுப்பு. மூலைகளை வெட்டாமல் மடித்தேன். விளிம்பில் நான்கு விரல் அதிகமாகவே விட்டு மடக்கி, பட்டை வைத்து இறுக்கினேன். துணியோ ரப்பரோ, மிச்சம் விடாமல் என் கை வெட்டாது.

அவள் கேட்ட மீன் திலேப்பியா. வேகமாக வளரும், லேசில் சாகாது. ஆனால் ஆற்றில் தப்பிப் போனால் அங்கிருக்கும் மீன்களுக்கு வாழ வழியில்லாமல் செய்துவிடும். அதனால் அனுமதி இல்லாமல் வளர்க்கக் கூடாது, பதிவு பெற்ற குஞ்சுப் பண்ணையில் மட்டுமே வாங்க வேண்டும், கொண்டுவரும் வழியில் பண்ணை கொடுத்த சீட்டு கையில் இருக்க வேண்டும். மீன்வள அலுவலகத்தில் ஐந்து பக்கப் படிவம் கொடுத்தார்கள்.

என் மனைவி அதைப் புரட்டிப் பார்த்தாள். "நான் இந்த வீட்டுக்கு வரும்போதுகூட இவ்வளவு கேள்வி கேக்கல."

"கேட்டிருக்கணும் அண்ணி," என்றாள் தங்கை. "அண்ணன்தான் தப்பிச்சிட்டார்."

படிவத்தை நான் நிரப்பினேன். தொட்டியின் உள்ளளவு கேட்டிருந்தது. டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து நீளம், அகலம் அளந்து எழுதினேன். ஆழத்தை அவளே சொன்னாள். மீன் எண்ணிக்கை நாற்பது.

பதிலுக்குக் காத்திருந்த வாரங்களில் அவள் வெறும் தொட்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். நுண்ணுயிர்கள் கல்லில் குடியேற ஆறு வாரம் ஆகுமாம். தினமும் காலையில் சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவாள். சந்தையில் உயிர்மீன் விற்பவர் ஒருநாள் வீடு தேடியே வந்துவிட்டார்.

"மோட்டாரம்மா, நாற்பது குஞ்சுதானே? ஒரு வாளியில கொண்டுவந்து கொட்டிடறேன். மீன் மூஞ்சியில பேப்பர் ஒட்டியிருக்கான்னு எவன் பார்க்கப் போறான்?"

எனக்கும் சபலம் தட்டியது. "நாள் போகுதேம்மா," என்றேன்.

"எங்க பிடிச்ச மீன்னு இவருக்கே தெரியாது அண்ணா. நோயோட வந்தா மருந்து போட முடியுமா? ஒரே தண்ணி. மீனுக்கு ஊத்தினா செடி போச்சு, கல்லுல இருக்கிற உயிரும் போச்சு." பிறகு அவரைப் பார்த்து, "அப்புறம், வாத்தியார் பேப்பர் கேட்டா உங்க வாளியையா காட்டுறது?" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மீன்வள ஆய்வாளர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். மோட்டாரைப் பார்த்தார். வெளியேறும் குழாயில் வலை கட்டியிருப்பதைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு இரும்பு டேப்பை எடுத்து அளந்தார். படிவத்தைப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"நீளம் நாற்பத்தொன்பது அங்குலம்னு எழுதியிருக்கு. நாற்பத்தெட்டுதான் இருக்கு. அகலமும் ஒரு அங்குலம் குறையுது. யார் அளந்தது?"

முப்பத்தெட்டு வருடமாக எதை அளந்தாலும் தையலுக்கு ஓரங்குலம் சேர்த்துத்தான் எழுதுவேன். சட்டை என்றாலும் திரை என்றாலும் அப்படித்தான். என் கை தொட்டிக்கும் சேர்த்துவிட்டிருந்தது.

தங்கை என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணா... தொட்டிக்கும் தையல் விட்டியா?"

ஆய்வாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும், "ஃபார்ம்ல திருத்த முடியாதும்மா. புதுசாத்தான் போடணும். எப்படியும் ஒரு மாசம் ஆகும்," என்றார்.

நான் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவள் செய்த ஒரே பொருளை என் கையே பிரிக்க வைத்துவிட்டதே என்று என்னையே நொந்துகொண்டேன்.

அவள் அசையவில்லை. "சார், ஃபார்மை மாத்தக் கூடாது. சரி. தொட்டியை மாத்தலாமா?"

அவர் சற்று யோசித்தார். "ஏழு நாளுக்குள்ள மறுபார்வைக்குக் கூப்பிடலாம். அன்னைக்கு ஃபார்ம்ல இருக்கிற அளவு தொட்டியில இருந்தா எனக்கு ஆட்சேபம் இல்ல."

"அடுத்த வியாழக்கிழமை வாங்க சார்."

அவர் படியிறங்கியதும் என் முன்னால் வந்து நின்றாள். "எழுந்திரு. ரவிக்கை இறுக்கமா இருந்தா என்ன பண்ணுவ?"

"தையலைப் பிரிச்சு விடுவேன்."

"உள்ள துணி விட்டிருக்கியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நாலு விரல் விட்டிருக்கேன்!"

மறுநாள் காலையில் ஆரம்பித்தோம். தண்ணீரைப் பீப்பாய்களில் இறைத்து வைத்தாள். கல்லில் குடியேறியவை செத்துவிடாமல் இருக்க, மோட்டாரை ஒரு பீப்பாயில் இறக்கித் தட்டுகளில் தண்ணீர் நிற்காமல் ஓடவிட்டாள். போல்ட்டுகளைக் கழற்றினோம். ஓரங்குலத் தடிமனில் பட்டைகள் இழைத்து வாங்கி, ஒவ்வொரு பலகைக்கும் அதன் ஒரு முனையில் உள்ள மூலைக் காலுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை செருகி, நீளமான போல்ட்டுகளால் முடுக்கினாள். நான் விளிம்பு மடிப்பைப் பிரித்து விரிப்பை இளக்கிவிட்டேன். சுருக்கமில்லாமல் உட்கார்ந்தது. என் மனைவி இரும்பு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். ஏழு தடவை அளந்தோம். ஒவ்வொரு தடவையும், "தையல் சேர்க்காம சொல்லுங்க!" என்றாள்.

வியாழக்கிழமை ஆய்வாளர் அளந்தார். நாற்பத்தொன்பது. முப்பத்தேழு. டேப்பை மடக்கிப் பையில் போட்டார்.

"இருபது வருஷமா தொட்டிக்குத் தகுந்த மாதிரி ஃபார்மை மாத்தச் சொல்லிக் கெஞ்சுறவங்களைத்தான் பார்த்திருக்கேன்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை குஞ்சுப் பண்ணைக்குப் போனோம். பண்ணைக்காரர் அனுமதிப் பத்திரத்தைப் படித்துப் பார்த்து, முதல்நாள் தீனி போடாமல் வைத்திருந்த குஞ்சுகளை எண்ணி, பிராணவாயு நிரப்பிய பையில் கட்டினார். "வழியில ஒண்ணு ரெண்டு போகும். ரெண்டு சேர்த்துப் போட்டிருக்கேன்."

"சீட்டுல நாற்பதுதானே இருக்கு?" என்றாள் தங்கை.

"அட, இனாம்மா!"

"இனாமா இருந்தாலும் சீட்டுல இல்லையே. எடுத்துடுங்க."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். இரண்டு குஞ்சுகள் திரும்பிப் போயின.

வீட்டில் பையைப் பிரிக்காமல் தொட்டியில் மிதக்கவிட்டாள். பிறகு வாயைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்தாள். ஒரு மணி நேரம் கழித்துப் பையைச் சாய்த்தாள். கண்ணிமை அளவில் நாற்பது உயிர்கள். ஒன்றுகூடச் சாகவில்லை. அவள் இரு கைகளையும் விளிம்பில் ஊன்றிக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் செவ்வாய்க்கிழமை. செயலாளர் அனுமதிப் பத்திரம், பண்ணைச் சீட்டு இரண்டையும் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். மாடிக்கு வந்து தொட்டியின் அடியைத் தடவினார். கை காய்ந்தே இருந்தது. மூக்கை உறிஞ்சினார். "கொசு?" என்றார்.

"முட்டை போட வந்தா நாற்பது பேர் காத்திருக்காங்க சார்," என்றாள் தங்கை.

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. மீன்களை எண்ண ஆரம்பித்தார். மூன்று தடவை முயன்றும் அவை ஓரிடத்தில் நிற்கவில்லை. "பத்திரத்தில் உள்ளபடி இருக்கிறது" என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிட்டுக் கேட்டார்: "நாலாவது மாடியில எங்க பால்கனி சும்மாதான் கிடக்கு. அங்க சின்னதா ஒண்ணு வைக்க முடியுமா?"

"முடியும் சார். நானே செஞ்சு தரேன்," என்றாள் என் தங்கை. "அளவை மட்டும் அண்ணன் எடுக்கட்டும்."

கழுத்திலிருந்த என் டேப்பை உருவிக்கொண்டு, அவளுடைய இரும்பு டேப்பை என் கையில் வைத்தாள்.

இப்போது மேல்தட்டுகளில் கீரையும் தக்காளியும் நிற்கின்றன. மீன்கள் உள்ளங்கை அளவு வந்துவிட்டன. செயலாளர் வீட்டுப் படிவத்தையும் நான்தான் எழுதினேன். நான்கு தடவை அளந்த பிறகு.