புழக்கடைக்கு ஒரு மனு

மராத்தி பேசும் தளேகாவ் என்ற ஊரில் எங்கள் வீடு கீழே ஒரு கூடம், ஒரு சமையலறை. மேலே ஒரு படுக்கையறை, குளியலறை. தொண்ணூறுகளின் கடைசியில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோனபின் மாடி எங்களுக்கு இல்லாமல் ஆகிவிட்டது. கூடத்தில் கட்டில் போட்டோம். வாசலைத் திறந்தால் கட்டில்தான். பால்காரரிலிருந்து மகளின் தோழிகள்வரை எல்லோர் கண்ணும் முதலில் அவர்மேல்தான் விழும். பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டினேன். காற்றடித்தால் விலகிவிடும். தொழிற்சாலையில் முப்பது பேரை வேலை வாங்கியவர், பெட்பேன் வைக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

“ஏனுங்க, ஏதாச்சும் வேணுமுங்களா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒரு கதவு வேணும் புள்ள,” என்றார் குழறலாக. “சாத்திக்கறதுக்கு.”

பின்னால் இடம் இருந்தது. ஓர் அறையும் கழிவறையும் தாராளமாகக் கட்டலாம். ஆனால் நகராட்சி வரைபடத்தில் எங்கள் வீடு மஞ்சள் நிறம், அதாவது குடியிருப்பு. சமையலறைச் சுவரைத் தாண்டினால் பச்சை, விவசாய நிலம். துவைக்கிற கல்லும் இரண்டு பப்பாளி மரமும்தான் அங்கே நாங்கள் செய்த விவசாயம். பச்சையை மஞ்சளாக்கித் தரச்சொல்லி மனுக் கொடுத்தால்தான் கட்ட முடியும் என்றார்கள்.

என்னை வஹினி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள் சிரித்தார். அவர் யாரையும் கேட்காமல் பின்னால் இரண்டு அறை எழுப்பியிருந்தார். “முதல்ல கட்டுங்க வஹினி, வந்து கேட்டா அப்புறம் பார்த்துக்கலாம். எங்க வீட்டை யாராவது தூக்கிட்டா போனாங்க?”

எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முத்திரை குத்திய காகிதம் என்றாலே மகளைக் கூப்பிட்டுவிடுவேன். பாதிச் சுவரில் இடிக்க வந்துவிட்டால் என்ன செய்வேன்? அவர் பெயரில் மனுவே கொடுத்தேன்.

பத்து மாதம் கழித்து மராத்திப் பேப்பரில் அறிவிப்பு வந்தது. இந்த மாற்றத்தைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருப்பவர்கள் முப்பது நாளுக்குள் எழுதலாம். மகள் படித்துச் சொன்னாள்.

“யாரும் ஒண்ணும் எழுதலேன்னா ஃபைல் தானா மேல போயிடும்மா. நீ சும்மா இரு.”

சும்மா இருக்க எனக்கு எப்போது தெரிந்திருக்கிறது? யாருமே எழுதாவிட்டால் யாருக்கும் அக்கறையில்லை என்று ஃபைலை மூடிவிட்டால்? தினமும் இதே நினைப்பு. இருபத்தெட்டாம் நாள் மகளை உட்காரவைத்து எழுதச் சொன்னேன். என் கணவர் கூடத்தில் கிடக்கிறார், தயவுசெய்து சீக்கிரம் அனுமதி தாருங்கள் என்று.

“நம்ம மனுவுக்கு நாமளே லெட்டரா? சிரிப்பாங்கம்மா,” என்று முனகிக்கொண்டே எழுதினாள். கொடுத்துவிட்டு, முத்திரை போட்ட நகலைச் சாமி படத்தின் பின்னால் வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து விசாரிக்கப் போனோம். குமாஸ்தா என்னை மாவ்ஷி என்று சித்தி முறை சொல்லி ஃபைலைப் பிரித்தார்.

“எல்லாம் சரியா இருந்தது மாவ்ஷி. ஒரே ஒரு கடுதாசி வந்துடுச்சு. அந்த முப்பது நாள்ல எது வந்தாலும் விசாரணை வெச்சே ஆகணும். விசாரிக்கற அதிகாரி மாற்றலாயிட்டார். புது ஆள் வரணும்.”

ஃபைலை எங்கள் பக்கம் திருப்பினார். மகளின் கையெழுத்து.

“உங்க வீட்டுக்கு உங்களைத் தவிர வேற எதிரியே இல்லை,” என்றார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

என் கணவரிடம் இதை நான் சொல்லவில்லை. “காயிதம் வந்துச்சா?” என்று சாயங்காலமானால் கேட்பார். “மேல போயிருக்குதுங்க,” என்பேன். மழைக்காலம் தொடங்கியபோது கேட்பதை நிறுத்திவிட்டார். மறந்துவிட்டார் என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த மழையிலேயே சளி நெஞ்சில் இறங்கி அவர் போய்விட்டார். கூடத்தில்தான். வந்தவர்கள் நிற்க இடம் வேண்டுமென்று யாரோ திரையைக் கழற்றி மடித்து வைத்திருந்தார்கள்.

விசாரணைக்கு அழைப்பு அதற்குப் பிறகு வந்தது. புது அதிகாரி என் கடிதத்தை வாய்விட்டுப் படித்தார். இதற்குமேல் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டார். இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது மகளிடம் சொன்னேன்: “அப்பாவுக்குத் தெரியாமப் போனது ஒண்ணுதான் ஆறுதல்.”

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“தெரியும்மா. நான்தான் சொன்னேன். ‘இனி அவகிட்டக் கேக்கலை கண்ணு. கேட்டா பயந்துக்குவா’ன்னாரு.”

உத்தரவு என் கணவர் பெயருக்கே வந்தது. புழக்கடை இப்போது மஞ்சள். துவைக்கிற கல் அங்கேயேதான் கிடக்கிறது.