அலை எழுப்பாத லூகியான்

டான்யூப் கழிமுகத்தில் லூகியானை விட மெதுவாக மோட்டார் படகு ஓட்டியவன் பிறக்கவில்லை. வலையோ, கட்டிய தோணியோ கண்ணில் பட்டால் வேகத்தைக் குறைப்பது எங்கள் கால்வாய் மரியாதை. இவன் ஒன்றும் படாதபோதும் குறைப்பான். போதாக்குறைக்கு, மோட்டார் மேல் இருந்த பாசத்தில், பெட்ரோலில் எண்ணெயைக் கொஞ்சம் கூடுதலாகவே கலப்பான். செல்லம் கொடுத்தே மோட்டாரைக் கெடுத்தான் மனுஷன்.

மனைவி ஜினோவியாவுக்கு நிறைமாதம். துல்சா நகர ஆஸ்பத்திரிக்குத் தண்ணீரைத் தவிர வேறு வழி கிடையாது. அந்த நேரம் பார்த்து மோட்டார் இருமத் தொடங்கியது. லூகியான் கழற்றிப் பார்த்தான். கூடுதல் எண்ணெய் எரிந்து, பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் சட்டி அடியைப் போலக் கரி. கரி கரைக்கும் மருந்தை விட்டு ஊறவைத்து, கீறல் விழக் கூடாதென்று மரக்குச்சியால் சுரண்டினான்.

பக்கத்து வீட்டு சிதோர் வேலி மேல் சாய்ந்து பார்த்தான்.

“சுரண்டினா தீராதுய்யா. பிஸ்டன் ரிங்குல ஒட்டின கரி வெளிய வரணும்னா முழு வேகத்துல ஓட்டணும்.”

“அலை அடிச்சு உன் வலை கிழிஞ்சா?”

“அதுக்காகத் தாலாட்டிக்கிட்டே இருப்பியா?”

“நாளைக்கு வலை இல்லாத வெளி ஆத்துல ஓட்டிப் பாக்குறேன்” என்றான் லூகியான்.

வலி நாளை வரை காத்திருக்கவில்லை. அன்று மாலையே படகில் மெத்தை போட்டு ஜினோவியாவைப் படுக்கவைத்தான். மோட்டார் திக்கித் திக்கி ஓடியது. சிதோரின் வலை தெரிந்ததும் கை பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தது. மோட்டார் நின்றே போயிற்று.

லூகியான் மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்தான், இழுத்தான். ஒருவழியாக உயிர் பிடித்தது.

“இனிமே குறைச்சே, உன்னைத் தண்ணில தள்ளிருவேன்!” என்று அலறினாள் ஜினோவியா.

முழுக்க முறுக்கினான். வெள்ளைப் புகை கால்வாயை மறைத்தது. அலை எழும்பி சிதோரின் தோணியைக் கம்பத்தில் மோதவைத்தது; மீன் கூடை கவிழ்ந்தது. சிதோர் கரையில் நின்று கத்திய வசவுகளை இங்கே எழுத முடியாது. எதற்கெடுத்தாலும் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்கிற லூகியான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துல்சா வரும்வரை பயந்துகொண்டேதான் இருந்தான். ஆனால் பாதி வழியிலேயே மோட்டாரின் இருமல் நின்றுவிட்டது.

சில நாள் கழித்து, மகளோடு திரும்பி வந்தார்கள். சிதோர் கரையில் தோணிக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தான். லூகியான் வேகத்தைக் குறைத்துத் தொப்பியைக் கழற்றினான்.

“யோவ், மன்னிப்பெல்லாம் அப்புறம்!” என்று சுத்தியலை ஆட்டினான் சிதோர். “முறுக்கு மொதல்ல. குழந்தை இருக்கிற வீட்டு மோட்டாருய்யா அது, மறுபடி கரி பிடிக்க விட்டுராத!”

லூகியான் முறுக்கினான். அலை சிதோரின் காலை நனைத்தது.